தலையைத் தட்டினால் மறுபடியும் ஆட்டம்

ரிமோட் கார் வாங்கித் தருவது ஒரு விஷயம். சண்டை போடுகிற ரிமோட் ரோபோ வாங்கித் தருவது முற்றிலும் வேறு விஷயம்.

காருக்கு ஒரு பையனும் ஒரு வராந்தாவும் போதும். பேட்டரி தீரும்வரை ஓட்டுவான், சுவரில் முட்டுவான், திருப்பி ஓட்டுவான். பொழுது போய்விடும். சண்டை ரோபோ அப்படி இல்லை. அதற்கு எதிராளி வேண்டும். எதிராளி என்று ஒருத்தர் வந்து உட்கார்ந்துவிட்டால், பத்தாவது நிமிஷம் ஒருத்தர் ஜெயித்திருப்பார், இன்னொருத்தர் தோற்றிருப்பார். தோற்றவருக்கு வயசு எட்டு. அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை :-)

ஆக, இந்தப் பொம்மையைச் செய்கிறவர்களுக்கு உண்மையான தலைவலி மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. "தம்பி, நீ தோத்துட்டே" என்பதை ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்வது? இதுதான் தலைவலி. பொம்மை நிஜமாகவே உடையக் கூடாது. உடைந்தால் அப்பா கடைக்குச் சண்டைக்குப் போவார். விரலிலோ கண்ணிலோ அடி படக் கூடாது. அதே சமயம் தோல்வி தோல்வியாகத் தெரியவும் வேண்டும், இல்லாவிட்டால் சண்டையில் சுவாரஸ்யம் ஏது? முக்கியமாக, தோற்றவன் அடுத்த நிமிஷமே மறுபடி விளையாட உட்கார வேண்டும்.

இந்த ஒரு கேள்விக்கு அறுபது வருஷமாக ஆளாளுக்கு ஒரு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முதல் பதில் வந்த கதை கொஞ்சம் சோகமானது.

இரண்டு மரணங்களும் ஒரு ஸ்பிரிங்கும்

1962 மார்ச் 24. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பென்னி பேரட்டுக்கும் எமில் கிரிஃபித்துக்கும் குத்துச்சண்டை. டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு. மூலையில் சிக்கிக்கொண்ட பேரட் திருப்பி அடிக்க முடியாத நிலையிலும் குத்துகள் வாங்கிக்கொண்டே இருந்தார். நடுவர் நிறுத்துவதற்குள் காலம் கடந்துவிட்டது. நினைவு திரும்பாமலே ஏப்ரல் 3-ம் தேதி இறந்துபோனார். அமெரிக்கா முழுக்க வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்த சண்டை அது.

அடுத்த வருஷமே இன்னொன்று. 1963 மார்ச் 21-ம் தேதி லாஸ் ஏஞ்சலீஸில் சுகர் ராமோஸிடம் தோற்ற டேவி மூர், நாலே நாளில் போய்ச் சேர்ந்தார். குத்துச்சண்டையையே தடை செய்ய வேண்டும் என்று பெரிய விவாதம் கிளம்பியது.

இதே காலத்தில் சிகாகோவில் மார்வின் கிளாஸ் என்பவர் ஒரு பொம்மை வடிவமைப்பு நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தார். தானே பொம்மை தயாரித்து விற்கிற நிறுவனம் இல்லை. யோசனையை உருவாக்கி, மாதிரி செய்து, பெரிய கம்பெனிகளுக்குக் கொடுக்கிற நிறுவனம். அங்கே இரண்டு குத்துச்சண்டை வீரர்கள் மோதுகிற பொம்மை ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ரிங்கில் ஒரு வீரர் இறந்த செய்தி வந்ததும் கிளாஸ் அதை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார். நிஜத்தில் ஒருத்தர் செத்துப்போன விஷயத்தை குழந்தைகளிடம் விளையாட்டாகக் கொடுக்க மனம் வரவில்லை.

அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த பர்ட் மேயர் என்கிற வடிவமைப்பாளர்தான் வழி கண்டுபிடித்தார். மனிதர்களை எடுத்துவிட்டு ரோபோக்களை வைத்தால் என்ன? மனிதனுக்கு அடிபட்டால் கீழே விழ வேண்டும், அது பார்க்க நன்றாக இருக்காது. ரோபோ விழ வேண்டியதே இல்லை. தாடையில் சரியாக ஒரு குத்து விழுந்தால் ஸ்பிரிங் விடுபட்டு தலை மட்டும் 'க்ர்ர்ர்க்' என்று மேலே எகிறினால் போதும்!

1964-ல் மார்க்ஸ் கம்பெனி அதை 'ராக் எம் சாக் எம் ரோபோட்ஸ்' என்று கடைக்குக் கொண்டுவந்தது. சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. பேட்டரி கிடையாது, மின்சாரம் கிடையாது. கைப்பிடியில் இரண்டு பொத்தான். இடது பொத்தான் இடது கை, வலது பொத்தான் வலது கை. தலை எகிறினால் தோல்வி. எகிறிய தலையை உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கினால் 'டக்' என்று உட்கார்ந்துகொள்ளும். மறுபடியும் ஆட்டம்.

தனியாக இது ஒருத்தர் மூளையில் மட்டும் இருந்த யோசனை இல்லை. மனிதக் குத்துச்சண்டை தடை செய்யப்பட்டு இயந்திரங்கள் மோதுகிற உலகத்தை ரிச்சர்ட் மேத்திசன் 1956-லேயே 'ஸ்டீல்' என்று சிறுகதையாக எழுதிவிட்டார். 1963 அக்டோபரில் 'ட்விலைட் ஸோன்' தொடரில் அது நாடகமாகவும் வந்தது. ஆனால் அந்தக் கதையில் ரோபோ பழுதாகி, பணத்துக்காக ஒரு மனிதனே ரோபோ வேஷம் போட்டு ரிங்குக்குள் போய் அடி வாங்குகிறான். பொம்மை அந்த இடத்துக்குப் போகவில்லை. அடியை முழுசாக இயந்திரத்தின் தலையில் கட்டிவிட்டு மனிதனை வெளியே கொண்டுவந்துவிட்டது.

பெயர் தெரியாத ரேடியோ

அந்தப் பொம்மையில் ஆடுகிறவர் கை கைப்பிடியில் ஒட்டியே இருக்கும். கையைப் பிரித்து நாற்காலியில் உட்கார வைத்தது ரேடியோ. இது இன்னொரு பெரிய சௌகரியம். மோதல் தரையில், விரல்கள் சோபாவில்.

மலிவான ரிமோட் பொம்மைகளைப் பிரித்துப் பார்த்தால் பலவற்றில் ஒரே ஜோடி சில்லுதான் இருக்கும். ரிமோட்டுக்குள் டிஎக்ஸ்-2, பொம்மைக்குள் ஆர்எக்ஸ்-2. இவை பேசிக்கொள்கிற பாஷை ரொம்ப எளிமை. முதலில் நீளமாக 4 துடிப்புகள் வரும், 'கவனி' என்று அர்த்தம். அப்புறம் குட்டித் துடிப்புகள். எத்தனை வருகிறது என்று பொம்மை எண்ணும். 10 வந்தால் முன்னே போ. 40 வந்தால் பின்னே வா. 58 என்றால் இடது, 64 என்றால் வலது. பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் வெறும் 4, அதாவது நில்.

ரோபோவுக்குள் இரண்டு மோட்டார். இரண்டும் முன்னே சுற்றினால் நேராகப் போகும். ஒன்று முன்னேயும் ஒன்று பின்னேயும் சுற்றினால் நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி திரும்பும். ராணுவ டாங்கி திரும்புவது இப்படித்தான். சண்டைக்கு இது அவசியம். காரைப் போல வட்டமடித்துத் திரும்பிக்கொண்டிருந்தால் அதற்குள் எதிராளி முதுகில் ஏறிவிடுவான்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. மேலே சொன்ன பாஷையில் பெயர் என்று ஒன்று கிடையாது. 'ஏ சிவப்பு ரோபோ, நீ முன்னே போ' என்று சொல்ல வழியில்லை. 'முன்னே போ' மட்டும்தான். ஒரே அலைவரிசையில் இரண்டு ரோபோ இருந்தால் இரண்டுமே கேட்டுக்கொள்ளும். அண்ணன் பொத்தானை அமுக்கினால் தம்பியின் ரோபோவும் சேர்ந்து ஓடும். இருவரும் ஒரே நேரத்தில் அமுக்கினால் துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து, இரண்டு ரோபோவும் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கிக்கொண்டு நிற்கும். சண்டை ரோபோக்கள் சேர்ந்து நடனம் ஆடினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் காசு கொடுத்தது அதற்கில்லையே!

இதனால்தான் அந்தக் காலத்துப் பெட்டிகளில் 27 மெகாஹெர்ட்ஸ், 49 மெகாஹெர்ட்ஸ் என்று ஒட்டியிருப்பார்கள். அமெரிக்காவில் ரிமோட் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டுதான். பிரிட்டனில் 27-உம் 40-உம். ஒருத்தன் 27 வாங்கினால் அவன் நண்பன் வேறு எண் பார்த்து வாங்க வேண்டும். பேனாவும் மையும், காரும் பெட்ரோலும் நிரப்புப் பண்டங்கள் என்று பொருளியல் பாடத்தில் வரும். சண்டை ரோபோவுக்கு நிரப்புப் பண்டம் இன்னொரு சண்டை ரோபோ, அதுவும் வேறு அலைவரிசையில்! ஒன்றை மட்டும் வாங்கியவர் வீட்டில் இருப்பது பாதிப் பண்டம். பிற்பாடு கம்பெனிகள் இரண்டு ரோபோவையும் ஒரே பெட்டியில் ஜோடியாகப் போட்டு விற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்தது. ரிமோட்டும் ரோபோவும் முதலில் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துகொண்டு, அதன்பின் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும். ஜப்பானின் டகாரா டோமி 2012-ல் கொண்டுவந்த 'பாட்ரோபோர்க்' பொம்மையில் 20 ரோபோக்கள் ஒரே இடத்தில் மோதலாம். ஒன்றின் பேச்சு இன்னொன்றின் காதில் விழாது.

வாக்குவம் க்ளீனரில் பிறந்த யுத்தம்

பொம்மையிலிருந்து நிஜ இயந்திரத்துக்குப் போய், மறுபடியும் பொம்மைக்கே திரும்பிய கதை இது.

மார்க் தார்ப் என்று ஒரு மனுஷன். ஸ்டார் வார்ஸ், இண்டியானா ஜோன்ஸ் மாதிரியான படங்களுக்கு மாதிரிகள் செய்து கொடுத்தவர். 1992-ல் வீட்டு வேலையைச் சுலபமாக்கலாம் என்று ரிமோட் டாங்கி ஒன்றை வாக்குவம் க்ளீனரோடு பொருத்திப் பார்த்தார். க்ளீனர் சுத்தம் செய்வதில் படு தோல்வி. ஆனால் ரிமோட்டில் ஓடுகிற அந்த இரைச்சல் இயந்திரத்தைப் பார்த்ததும் அவருக்கு வேறு யோசனை வந்துவிட்டது. இரண்டை மோத விட்டால் எப்படி இருக்கும்?

1994 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபோர்ட் மேசனில் முதல் 'ரோபோ வார்ஸ்' நடந்தது. பொறியாளர்கள், சினிமா தொழில்நுட்பக்காரர்கள், வீட்டு கராஜில் இரும்பு அறுக்கிறவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு இயந்திரத்தோடு வந்து இறங்கினார்கள்.

எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு உதாரணம். 1995-ல் 'பிளெண்டோ' என்று ஒன்று வந்தது. செய்தவர்கள் ஜேமி ஹைனமனும் ஆடம் சாவேஜும். ஆமாம், பிற்பாடு 'மித்பஸ்டர்ஸ்' நடத்திய அதே ஜோடிதான். சீன வாணலியைக் கவிழ்த்த மாதிரி ஒரு உடம்பு, உள்ளே புல் வெட்டும் இயந்திரத்தின் எஞ்சின். வாணலி முழுசாகச் சுற்றும்; தொட்ட எதிராளி துண்டு துண்டாகும். துண்டுகள் தடுப்பைத் தாண்டித் தெறிக்க ஆரம்பித்ததும் அமைப்பாளர்களுக்கு வியர்த்துவிட்டது. இணை சாம்பியன் என்று பட்டத்தைக் கையில் கொடுத்து, மேற்கொண்டு சண்டை வேண்டாம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். அதிகமாக ஜெயித்ததால் வெளியேற்றப்பட்ட ரோபோ!

1998-ல் பிரிட்டனில் பிபிசி டூ இதைத் தொலைக்காட்சித் தொடராக்கியது. முதல் வருஷம் ஜெரமி கிளார்க்சன், பிறகு கிரெய்க் சார்ல்ஸ் தொகுத்து வழங்கினார்கள். ஆரம்பத்தில் வந்த ரோபோக்களில் பலவற்றுக்கு ஒரு பொதுவான வியாதி. கவிழ்ந்தால் கதை முடிந்தது. சக்கரம் ஆகாயத்தைப் பார்த்துச் சுற்ற, மல்லாந்த ஆமை மாதிரி கிடக்கும். அமைதியாகத் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது வருஷம் ரெக்ஸ் கரோட் என்பவர் 'காசியஸ்' என்ற ரோபோவைக் கொண்டுவந்தார். இவர் 'பிரம்' என்ற சிறுவர் தொடரில் வரும் குட்டி ரிமோட் காரைச் செய்தவர். காசியஸ் ஒரு சண்டையில் கவிழ்க்கப்பட்டது. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், எதிராளியைத் தூக்கி எறியும் தன் கையாலேயே தரையை உந்தி, ஒரே துள்ளலில் சக்கரத்தின் மேல் வந்து நின்றது. அந்த ஒரு நிமிஷத்துக்குப் பிறகு ரோபோ செய்கிற எல்லோருடைய வரைபடமும் மாறிப்போனது. எப்படி அடிப்பது என்பதோடு விழுந்தால் எப்படி எழுவது என்பதையும் யோசிக்க வேண்டியதாயிற்று.

டி.வி. ரோபோ கைக்கு வந்தபோது

டி.வி.யில் அடிதடி ஓடினால் கடையில் பொம்மை வராமல் இருக்குமா? பிரிட்டனில் சர் கில்லலாட், மெட்டில்டா என்று நிகழ்ச்சியின் சொந்த ரோபோக்களெல்லாம் பொம்மையாக வந்தன. அமெரிக்காவில் 1999-ல் ஆரம்பித்து 2000-லிருந்து காமெடி சென்ட்ரலில் ஓடிய 'பேட்டில்பாட்ஸ்' போட்டியின் ரோபோக்களை டைகர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ரிமோட் பொம்மைகளாக்கி விற்றது.

இங்கேதான் அந்தப் பழைய தலைவலி இரட்டிப்பானது. டி.வி.யில் பையன் பார்த்தது தீப்பொறி, கிழிந்த இரும்பு, கிளம்பும் புகை. 2016-ல் திரும்பி வந்தபோது சர் கில்லலாட்டின் எடை எழுநூறு கிலோவுக்கும் மேல். கையில் கிடைத்த பொம்மையோ நாலு பேட்டரியில் ஓடுகிற பிளாஸ்டிக். ஆயுதத்தைப் பிடித்து நிறுத்தினால் உள்ளே கிளட்ச் வழுக்கி 'டக டக டக' என்று ஓசை மட்டும் வரும், விரல் பத்திரமாக இருக்கட்டும் என்று. நிஜ ரோபோவை பாலிகார்பனேட் கூண்டுக்கு வெளியே நின்றுதான் ஓட்ட முடியும். பொம்மைக்குக் கூண்டு கிடையாது. எட்டு வயசுக் கையே அதன் கூண்டு. ஆகவே பலம் குறைக்கப்பட்டே ஆக வேண்டும்.

பலத்தைக் குறைத்துவிட்டு, ஜெயித்தது யார் என்று சொல்ல எந்த ஏற்பாடும் செய்யாமல் விட்ட பொம்மைகள்தான் கடையில் அதிகம். இரண்டும் முட்டும், தள்ளும், மறுபடி முட்டும். ஐந்து நிமிஷம் கழித்து "நான்தான் ஜெயிச்சேன்", "இல்ல, நான்தான்". பொம்மை தீர்ப்பு சொல்லாவிட்டால் பிள்ளைகள் கையாலேயே தீர்ப்பு சொல்லிக்கொள்வார்கள். மனிதர்களுக்கு அடிபடக் கூடாது என்றுதானே 1964-ல் ரோபோவைக் கொண்டுவந்தார்கள்!

தீர்ப்பைச் சரியாக யோசித்தவர்களும் உண்டு. 2016 வாக்கில் ஹெக்ஸ்பக் பெயரில் பேட்டில்பாட்ஸ் பொம்மைகள் வந்தன. இவை ரேடியோவுக்குப் பதிலாக டி.வி. ரிமோட் மாதிரி அகச்சிவப்புக் கதிரில் ஓடுபவை. டூம்ஸ்டோன், விட்ச் டாக்டர் என்று நிஜ ரோபோக்களின் குட்டி வடிவங்கள், ஜோடியாக ஒரே பெட்டியில். உடம்பில் ஒட்டியிருக்கும் கவசத் தகடுகள் அடி விழ விழக் கழன்று தெறிக்கும். பார்க்க உடைகிற மாதிரியே இருக்கும், ஆனால் எதுவும் உடையவில்லை. சண்டை முடிந்ததும் பையன் தரையெல்லாம் தவழ்ந்து தகடுகளைப் பொறுக்கி, திரும்பப் பொருத்த வேண்டும். நிஜப் போட்டியில் மெக்கானிக் செய்கிற வேலையைத் தோற்ற பையன் செய்கிறான். அழுவதற்கு நேரம் இல்லை.

முன்னே சொன்ன பாட்ரோபோர்க் வேறு வழியில் போனது. இரண்டு கையிலும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கருவி. காற்றில் குத்தினால் உள்ளங்கை அளவு ரோபோவும் குத்தும். விழுந்த அடிகளை ரோபோ தானே எண்ணிக்கொள்ளும். எண்ணிக்கை முடிந்ததும் ஓய்ந்து நின்றுவிடும். வாதாட இடமே இல்லாத நடுவர். ஆனால் எண்ணுவது உள்ளே நடக்கிற சமாச்சாரம். "என் மேல அத்தனை அடி விழவே இல்ல" என்று கிளம்பினால் பொம்மையால் சாட்சி சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் அறுபது வருஷத்துக்கு முந்தைய ஸ்பிரிங் தலைக்கு இன்னும் மவுசு குறையவில்லை. எகிறியது இரண்டு பேர் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தெரியும், ஓசை வேறு கேட்கும். யாரும் கணக்குச் சொல்ல வேண்டாம். பார்க்கக் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கும் என்பதுதான் அதில் பெரிய சூட்சுமம். தோற்றவனுக்கே சிரிப்பு வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சிறந்த வடிவமைப்பு என்பது சில சமயம் ஒரு ஸ்பிரிங்தான்.

தார்ப் தோற்ற சண்டை

இத்தனைக்கும் காரணமான மார்க் தார்ப் என்ன ஆனார்?

முதல் போட்டிக்குப் பிறகு பணம் தேவைப்பட்டது. 1995-ல் நியூயார்க் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றோடு கூட்டு சேர்ந்தார். கூட்டு வியாபாரத்தில் எல்லாம் நன்றாக இருக்கும்வரை ஒப்பந்தத்தை யாரும் எடுத்துப் படிப்பதில்லை. கருத்து வேறுபாடு வந்தது, வழக்கு வந்தது. 1998-ல் சான் பிரான்சிஸ்கோ போட்டி நடக்கவே இல்லை. அதே வருஷம்தான் பிரிட்டனில் நிகழ்ச்சி பிரபலமாகிக்கொண்டிருந்தது! 1999-ல் சமரசம் ஏற்பட்டபோது, தான் உருவாக்கிய ரோபோ வார்ஸ் மீதான உரிமை தார்ப்பின் கையை விட்டுப் போயிருந்தது. இதற்கிடையில் பார்க்கின்சன் நோயோடும் அவர் போராடிக்கொண்டிருந்தார். யோசனையும் பெயரும் வளர்ந்துகொண்டே போயின. கண்டுபிடித்தவர் வெளியே நின்றார்.

அவருடைய போட்டியில் 'லா மெஷீன்' என்ற ரோபோவை இறக்கிய கிரெக் மன்சன், டிரே ராஸ்கி இருவரும்தான் 1999-ல் பேட்டில்பாட்ஸை ஆரம்பித்தார்கள். அந்தப் போட்டி நின்று, 2015-ல் ஏபிசியில் எழுந்து, 2018-ல் டிஸ்கவரிக்குப் போனது. கவிழ்ந்து எழுந்த காசியஸ் மாதிரியே என்று சொல்லலாம். தார்ப் 2023-ல் காலமானார். இன்றைக்கு உலகத்தில் எங்கே இரண்டு ரிமோட் ரோபோக்கள் மோதினாலும் அந்த வேலைக்கு ஆகாத வாக்குவம் க்ளீனரின் பரம்பரைதான். ஆனால் அவருக்கு நேர்ந்த தோல்வியில் அமுக்கி உட்கார வைக்க ஸ்பிரிங் எதுவும் இருக்கவில்லை.

பெரியவர்களின் தோல்விகள் பெரும்பாலும் அந்த ரகம். தேர்வு, வேலை, வியாபாரம், வழக்கு எதிலும் தலையைத் தட்டினால் ஆட்டம் மறுபடி தொடங்குவதில்லை. தொடங்கினாலும் பத்து வருஷம் ஆகிறது. தோற்றுப் பழகுவதற்கு என்று மனிதனுக்குக் கிடைக்கிற மலிவான இடம் சின்ன வயசு விளையாட்டு மட்டும்தான். பத்து நிமிஷத்தில் தோற்று, பதினோராவது நிமிஷம் திரும்ப உட்காரலாம். ஒரு சாயங்காலத்தில் இருபது தடவை தோற்கலாம். அதனால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

வாங்கப் போகிறவர்களுக்கு

ஒன்றாக வாங்காதீர்கள், ஜோடியாக வாங்குங்கள். பழைய ரகம் என்றால் பெட்டியில் எண்ணைப் பாருங்கள். இரண்டும் 27 என்று இருந்தால் நடனம்தான். பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள், வீட்டில் அதைவிடச் சின்னக் குழந்தை இருந்தால் இது ரொம்ப முக்கியம். ரிமோட்டை அணைத்ததும் ரோபோ நிற்கிறதா என்று கடையிலேயே சோதித்துவிடுங்கள். நிஜப் போட்டியில் சிக்னல் அறுந்தால் ஆயுதமும் சக்கரமும் தானாக நின்றே ஆக வேண்டும் என்பது விதி. பொம்மைக்கும் அது நல்ல விதிதான். எல்லாவற்றுக்கும் மேலாக, தோற்றால் அந்தப் பொம்மை என்ன செய்யும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் விழிப்பார். பரவாயில்லை, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள் :-)

பையனோ பெண்ணோ கொஞ்சம் வளர்ந்து, பொம்மையைப் பிரித்து உள்ளே பார்க்க ஆரம்பித்தால் தடுக்காதீர்கள். பிரிட்டனில் 'ஆண்ட்வெயிட்' என்று ஒரு பிரிவு உண்டு. எடை 150 கிராமுக்குள், நாலு அங்குலக் கனசதுரப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். பொம்மை அளவுதான், ஆனால் நிஜ ரோபோ. அங்கே தகடு கழன்றால் அது நிஜமாகவே உடைந்த தகடு. மோட்டார் புகைந்தால் புகைந்ததுதான், ராத்திரி உட்கார்ந்து சால்டரிங் செய்து அடுத்த மோதலுக்குத் தயாராக வேண்டும். தரையில் தவழ்ந்து பிளாஸ்டிக் தகடு பொறுக்கிய பிள்ளைக்கு அது ஒன்றும் புதுசாக இருக்காது.